முன்சீட்டுக் குரல்

பாளையம்பட்டி,
வியாழன் காலை.

அன்புள்ள அஷ்வினிக்கு,

நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், வரவில்லை. நேற்று நீ பேசியதிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குள் ஜப்பானுக்கு வந்து சேராது. அதனால் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ சொல்லிச் சொல்லி, உன் டீமுக்குக் கார் ஓட்டும் ஹயாசே எனக்கும் பழக்கமானவர் போல ஆகிவிட்டார். ஐந்து வயதில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தயக் காரை ஓட்டத் தொடங்கியவர். மகனின் பந்தயத்துக்காக அவர் அப்பா மீன்பிடிப் படகை விற்றார். ஐரோப்பாவில் இரண்டு வருடம் ஓட்டி, டீமில் இடம் பறிபோய், ஊர் திரும்பி, மறுபடி கீழிருந்து ஏறி வந்தவர். முப்பத்தாறு வயது. இந்த ஞாயிறு தோற்றால் அடுத்த வருடம் அவருக்குக் கார் கிடையாது. எல்லாம் புரிகிறது. ஆனால் போன மாதம் சுவரில் மோதியதிலிருந்து இடது கண் திடீர் திடீரென்று இருட்டுகிறது என்று உன்னிடம் மட்டும் சொல்லி, டாக்டருக்குத் தெரியவேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாரே! நீயும் சிரித்துக்கொண்டு, ‘நான்தானம்மா அவரு இன்ஜினியரு, ஓட்டும்போது ரேடியோவுல அவரு காதுல பேசிக்கிட்டே இருப்பேன்ல, பாத்துக்கிருவேன்’ என்கிறாய்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் அப்பா வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிய காலத்தில், திருச்சுழி பள்ளிக்கூடத்துக்கு நான் அதே பஸ்ஸில் போவேன். எப்போதும் முன்சீட்டுதான். ‘டீச்சருக்குப் புருசனப் பாத்துக்கிட்டே போகணும்’ என்று கண்டக்டர் கேலி செய்வார். உன் அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கியிருந்தது. ‘ஏ மாரி, வாயத் தொறந்துறாத, லைசென்ஸப் புடுங்கிருவாக’ என்றார். கண் எப்படிப் பார்க்கிறது என்று வகுப்பில் படம் போட்டு நடத்துகிறவள், தலையாட்டினேன். ‘ஆடு’, ‘இடது பக்கம் சைக்கிள்’, ‘திருப்பம்’ என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வருவேன். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

விருதுநகருக்குப் பரீட்சைத்தாள் திருத்தப் போன அன்று நான் முன்சீட்டில் இல்லை. பஸ் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் திரும்பவே இல்லை. உன் அப்பாவும் வீடு திரும்பவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் உன்னிடம் சொன்னேன். ஊரும் அதைத்தான் நம்புகிறது. பிரேக் பார்த்த மெக்கானிக் காளிராஜுக்கு வேலை போனது. இப்போதும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, ‘மன்னிச்சிருங்க டீச்சர், அன்னைக்கு நல்லாப் பாத்துத்தான் விட்டேன்’ என்கிறார். பதினோரு வருடமாக ‘பரவாயில்லை’ என்று சொல்லி வருகிறேன்.

பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் மதினி, ஹயாசே பேருக்கு அர்ச்சனை செய்ய நட்சத்திரம் கேட்டார். ஜப்பான்காரருக்கு ஏது நட்சத்திரம் என்று போன வாரம் சிரித்தேன். இன்று காலை நானே போய் அவர் பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். பயம் எந்த அளவு என்று பார்த்துக்கொள்.

உண்மையைச் சொல்ல இன்று சாயங்காலம் காளிராஜ் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வாரோ, கேட்டுக்கொள்கிறேன். நீ நாளைக்குள் டீம் டாக்டரிடம் சொல்லிவிடு. காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று ஹயாசே உன்னை வெறுக்கலாம். ஆயுசுக்கும் பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருக்கவாவது அவர் இருக்கட்டும், அம்மாடி.

நீயும் நன்றாக இரு.

போனைக் கையில் வைத்துக் காத்திருக்கும்
அம்மா,
தங்கமாரி.