ஈரச் சிமெண்டில் ஒரு கோடு

செஞ்சி

அன்புள்ள மகனுக்கு,

நான் லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டதாக ஊரில் சொல்கிறார்கள். படுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பல்கலைக்கழக விடுதிக்கு நீ வார்க்கும் கான்கிரீட் பலகைகள் நம் வேர்க்கடலைக் கொல்லையில்தானே கிடக்கின்றன. ஈரச் சாக்கு மூடி ஊறவைக்கும் நாட்கள் முடியுமுன்பே, நேற்று அவற்றில் ஒன்றைக் கிரேன் தூக்கியது. கொக்கி மாட்டிய மூலையிலிருந்து விரிசல் ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேஸ்திரி தனகோட்டி அதன்மேல் சிமெண்டைக் குழைத்துப் பூசி, லாரியில் ஏற்றிவிட்டான்.

“இன்னாம்மா, உங்க வூட்டு மாடிக்கா போவுது? எவனோ காலேஜ் பையன் கீழ படுத்துத் தூங்கப் போறான்” என்றான்.

“அதனால்தான் எழுந்திருக்க மாட்டேன்” என்றேன்.

டிரைவர் சிரித்தான். “ஆயாவுக்கு ஒரு டீ சொல்லுப்பா. சாயங்காலம் வரைக்கும் இருக்கும் போல.”

தனகோட்டி குரலைத் தாழ்த்தினான். “பூசி அனுப்பச் சொன்னதே நம்ம சார்தாம்மா, உங்க புள்ளதான். போன்ல கேட்டுக்கினேன்.”

நாற்காலியை நானே மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். லாரி போய்விட்டது.

உள்ளே வருமுன் லாரியில் கைக்கு எட்டிய அந்த மூலையில், ஈரப் பூச்சின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தேன். இதற்குள் காய்ந்திருக்கும். பலகையை அடையாளம் காண உனக்கு அது போதும்.

உன் அப்பா இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எழுதப் போவதில்லை. களைப்பாக இருக்கிறது.

அதை ஒதுக்கிவிட்டாயா, கூரையில் ஏற்றிவிட்டாயா? போனில் சொல்லாதே. உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா