கடைவாய்க்காலுக்கு வந்த தண்ணீர்

1982 யூலை 16, வெள்ளி

வரிப்பத்தான்சேனையில் வாய்க்காலின் கடைசியிலுள்ள தம்பியின் வயலுக்கு இன்று தண்ணீர் வந்தது. கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் நெல் வேளாண்மை கருகத் தொடங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கடைவாய்க்கால் முழுவதற்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் பொறியியலாளர் விமலசேன. மணிலாவில் ஆற்று வடிநில முகாமைத்துவப் பயிற்சியில் என்னோடு இருந்தவர். தம்பி கெஞ்சியும், பழக்கத்தை வைத்து நான் அவரிடம் தண்ணீர் கேட்கவில்லை.

அந்தப் பயிற்சியில் எங்களை விவசாயிகளாக நடிக்கவைத்து, தண்ணீர் பங்கிடும் விளையாட்டு ஒன்று நடத்தினார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தேன். மேல்வாய்க்கால்காரியாகத் தண்ணீரை முழுவதும் எடுத்துக்கொண்டு, கடைசியிலிருந்த விமலசேனவைத் தோற்கடித்தேன்.

இன்று அவர் வயலுக்கே வந்து சிரித்தார். "மிஸ் அண்டைக்கு ஒரு சொட்டும் விடல்லயே. கடைசியில இருக்கிற ஆக்கள்ட கஷ்டம் எனக்கு அப்பதான் விளங்கிச்சு."

பக்கத்தில் நின்ற தம்பி சொன்னான்: "ராத்தா, நீங்க அங்க இரக்கப்பட்டிருந்தா நம்மட வேளாண்மை போயிருக்கும்."

நன்றி சொல்லவும் மறந்து நானும் சிரித்துவிட்டேன்.