நீ சொன்ன டயர்

வெண்டெல்,

நேத்து சாயங்காலம் டயர் சண்டையில நீ சோபாவுல போய்ப் படுத்துக்கிட்டதும், நான் நம்ம ஷெவெல் காரை எடுத்துக்கிட்டுப் பந்தயத் தடத்துக்குப் போனேன். மழையில சர்ச்சுக்கும் போகலாம்னு நான் வாங்கின டயர், மிதிச்ச உடனே நின்ன இடத்துலயே சுத்திப் புகையைக் கக்குச்சு. சரின்னு நீ வாங்கி வச்ச, கோடே இல்லாத அகல டயரை மாட்டி, காத்தைப் பாதியா இறக்கினேன். அம்மாடி! தரையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டுப் பாஞ்சதுல முன்சக்கரம் ரெண்டும் எழும்பிடுச்சு! ஐம்பது வயசுல சின்னப் பொண்ணு மாதிரி கத்தினேன்.

கல்யாணமான இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா எழுதுறேன்: நீ சொன்னதுதான் சரி. உங்கக்கா பார்க்கிறதுக்குள்ள கிழிச்சுப் போட்டுடு.

நீ சாப்பிட, கொத்துக்கறியில செஞ்ச மீட்லோஃப் ஓவன்ல இருக்கு. நான் காரோட முன்னாடி போறேன், பத்து மணிக்குள்ள தடத்துக்கு வந்துடு.

டார்லா

பி.கு. இன்னிக்குப் போட்டிக்கான படிவத்துல, ஓட்டுறவர்ங்கிற இடத்துல உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்.