ஹமீமா கொடுத்த சத்தியம்

வரக்காமுறை,
மாத்தளை.
ஆகஸ்ட் 1964

அன்புத் தங்கச்சி ஹமீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதுகிறவள் உன் மஸீஹா ராத்தாதான், பயப்படாதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். எழும்பி நடக்கிறேன், கஞ்சி குடிக்கிறேன், என்னைக் கட்டிய உன் மச்சானோடு சண்டையும் பிடிக்கிறேன்.

வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டைக் கொழும்புக்கு அனுப்பினார்களே, பதில் வந்துவிட்டது. புற்றுநோய் இல்லையாம். கர்ப்பப்பையில் வளர்ந்த வெறும் நார்க்கட்டி. வயிறு வீங்கி, இரத்தம் கொட்டி, நான் வெளிறிப்போனதைப் பார்த்து ஊரே கேன்சர் என்று முடிவுகட்டிவிட்டது. டொக்டர், "இது ஆளைக் கொல்லாது, ரத்தம் குறைஞ்சதாலதான் இப்படி இளைச்சுப் போனீங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ். உன் மச்சான் வார்டு வாசலிலேயே குழந்தை மாதிரி அழுதார்.

மயக்க மருந்து கொடுத்தபோது ஒரு கனவு கண்டேன். நம் முற்றத்துப் பாயில் கொக்கோ விதை காய்கிறது. மஞ்சள் வெயில். காற்றில் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம். நீ என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு என் மகள் பீபிக்குத் தலை வாருகிறாய். உன் மச்சான் சிரித்துக்கொண்டு வருகிறார். நான் இலைகளுக்குள்ளே எங்கேயோ பாரமில்லாமல் மிதந்துகொண்டு பார்க்கிறேன். யாரும் என்னைத் தேடவில்லை. அங்கே எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கண் விழித்ததும் தையல் போட்ட இடத்தைவிட நெஞ்சுதான் எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான்தானே உன்னிடம் கேட்டேன்! நான் கண்ணை மூடி மௌத்தானால் மச்சானை நிகாஹ் செய்து பீபியை வளர்ப்பாய் என்று அல்லாஹ் மேல் சத்தியம் வாங்கினேன். நீயும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் கொடுத்தாய்.

இப்போது அந்தச் சத்தியத்தைச் சொல்லி, உனக்குப் பேசிவைத்த நுஹ்மான் மாப்பிள்ளை வேண்டாம் என்று வாப்பாவுக்கு எழுதினாயாமே. பைத்தியமா உனக்கு? மச்சானுக்குத் தெரியாமல், திரைக்குப் பின்னால் நின்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். "நீங்கதான் உசிரோட இருக்கீங்களே, அப்புறம் என்ன சத்தியம்? மனசு உறுத்தினா பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு கொடுங்க" என்று சிரித்தார். தையல் இழுக்க இழுக்க நானே சோறாக்கி, உன் பேரில் பத்துப் பேருக்கும் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு முடிந்தது. நாளைக்கே நான் மௌத்தானாலும் பீபியை உம்மா பார்த்துக்கொள்வார். உனக்கு அந்தக் கடமை இல்லை.

நுஹ்மானுக்குச் சம்மதம் என்று இந்தக் கிழமையே வாப்பாவுக்கு எழுது. அல்லாஹ் உனக்கென்று ஒரு நல்ல வீட்டைத் தருவான். எனக்கும் நீண்ட ஆயுளைக் கேட்டு துஆ செய், தங்கச்சி. மனசாரச் செய்.

உன் ராத்தா,
மஸீஹா