அம்மா சொல்லாத வரி

அன்பு மகள் கலையரசிக்கு உன் அம்மா மரியம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சியும் ஆண்டவர் அருளால் சுகம், ராஞ்சி கன்னியர் மடத்தில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் நாலு நாளாக மழை, நூல் காயாமல் முதலாளி வீட்டில் எனக்கு வேலை இல்லை. அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு தூங்கும்மா.

அக்கா, இதுவரைக்கும் சாயந்திரம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இனிமேல் நான், திரிஷா. அம்மா தூங்கிவிட்டாள், அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் செல்லியம்மாள் டீச்சர் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு ஆங்கில வார்த்தை கொடுத்தார், அதற்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று காலைக் கூட்டத்தில் மேடையேறி எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், இன்றைக்கு என் முறை. எனக்கு வந்தது ப்ளப்பர். முகம் வீங்க, பேசுவது புரியாதபடி சத்தம் போட்டு அழுவது என்று அர்த்தம். ஆதியில் அது அழுகையே இல்லையாம், தண்ணீர் கொப்பளிப்பதையும் நுரைப்பதையும் அப்படிச் சொன்னார்களாம், அந்தச் சத்தமே வார்த்தையாகி, அப்புறம்தான் அழுகிறவர்களுக்கு வந்ததாம். திமிங்கலத்தின் கொழுப்புக்கும் அதே பெயர் என்றேன், அதான் உங்கிட்ட நெறைய இருக்குதே என்று லோகேஷ் கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். உதாரணம் கேட்டபோது, என் அம்மா ராத்திரி ராத்திரி அக்காவை நினைத்து இப்படித்தான் அழுகிறாள் என்று சொல்லிவிட்டேன். டீச்சர், ஏம்மா, அக்கா ஒரு தடவை வந்துட்டுப் போகக் கூடாதா என்றார். அவதான் வர மாட்டேன்றா மிஸ் என்றேன், சொன்னதும் எனக்கே அந்த அழுகை வந்து மேடையிலேயே மூக்கு ஒழுக நின்றேன். நாளைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நீதான் வர மாட்டேன் என்கிறாய் என்று டீச்சரிடம் நான் சொன்னது பொய், அது உனக்கும் தெரியும். போன கடிதத்தில், என்னால் இங்கே முடியவில்லை, வந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேள் என எழுதியிருந்தாய். படித்துக் காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். அவ்ளோதானா என்று அம்மா கேட்டாள், அவ்ளோதாம்மா என்றேன். எழுத்துத் தெரியாததால் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து முத்தம் கொடுத்து பைபிளில் வைத்தாள். நீ கேட்டது தெரியாமலேயே, அப்போது உனக்கு அனுப்பிய பதிலில் எழுதச் சொல்லி, மனசுக்கு ஒப்பலைன்னா கிளம்பி வந்துடும்மா, ஊர் என்னா சொன்னா எனக்கென்னா என்று சொன்னாள். அதை விட்டுவிட்டு, நீ சிஸ்டர் ஆகப் போவதில் ஊரே பெருமைப்படுகிறது, தைரியமாக அங்கேயே இரு என்று நான் எழுதினேன். அது அம்மா சொல்லவே இல்லை அக்கா.

எனக்குப் பொறாமை. போன மாதம் எனக்குக் காய்ச்சல், அம்மா என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, கலாவுக்கு அங்க காய்ச்சல் வந்தா யாரு பார்ப்பாங்களோ என்று அழுதாள். கணக்கில் முதல் மார்க் வாங்கினேன், கலா இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவா என்றாள். அவள் அழுகையில் என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன், வந்ததே இல்லை. பக்கத்தில் இருக்கிறவளுக்காக யாரும் அழ மாட்டார்கள் போல. நீ வந்துவிட்டால் அப்புறம் நான் இருப்பதே தெரியாது என்று நினைத்தேன்.

காலையில் டீச்சர் வருவதற்கு முன்னால் பைபிளிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, விட்ட இடத்தைப் படித்துக் காட்டப் போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளுடைய பதில் எனக்கு இப்போதே தெரியும், அதனால் நீ காத்திருக்காதே, பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. ரயிலில் ஜன்னலைச் சாத்திக்கொள், யார் கொடுத்தாலும் எதுவும் சாப்பிடாதே என்று அம்மா எப்போதும் சொல்வதை நானே எழுதிவிடுகிறேன். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள், அது நிஜமாகவே அவள் சொன்னது. ஒன்று மட்டும், வந்ததும் ஒரு மாதம் அம்மா பக்கத்தில் நான்தான் படுப்பேன், பெரியவள் என்று சண்டைக்கு வராதே.

அம்மாவின் ஆசீரோடு,
உன் தங்கை
திரிஷா