இடப்பக்கத்து எழுத்துகள்

போன வாரம் பெரம்பலூரில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கனமான ஒரு சட்டத்தை என் மூக்கின் மேல் வைத்து, அதில் ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகி எடுத்தபடி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் தமிழ் எழுத்துகள் வரிசையாக இருந்தன. ஏதோ ஒரு கண்ணாடியில் வலப்பக்கத்து எழுத்துகள் நன்றாகத் தெரிய, இடப்பக்கம் மட்டும் நீரில் நனைந்ததுபோல் கரைந்துபோனது. அவள் மறுபடி கேட்டாள். தெரிகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நாற்பது வருடம் உன் பக்கத்திலேயே இருந்தும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உனக்குப் போய்ச் சேராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்னவோ. அப்படியானால் அதற்கும் சேர்த்தே வெட்கப்படுகிறேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீ ஸ்டூடியோ போட்டபோது நம் இருவருக்கும் ஒரே வயது, இருபத்தாறு. நீ லப்பைக்குடிக்காட்டு வியாபாரக் குடும்பம். நான் மீன்சுருட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவரின் மகன். அரியலூரில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவிக் கழுவியே கேமரா கற்றுக்கொண்டவன். நீ என்னைக் கூப்பிட்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாய். அடுத்த கடைக்காரர் ஒருநாள் என் காதில் விழும்படியே, யார் எவர் என்று பார்க்காமல் பொருள் இருக்கிற இடத்தில் ஆளை விடுகிறாயே என்று உன்னிடம் சொன்னார். அன்று சாயங்காலம் கேமரா அலமாரியின் சாவியை என்னிடம் நீட்டி, "இனிமே நீயே பூட்டிக்க மாப்ள" என்றாய். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் நாம் பேசியதே இல்லை.

அந்த அலமாரியில்தான் உன் மச்சான் கொண்டுவந்த ஜூம் லென்ஸ் இருந்தது. உன் அக்காவின் கணவர் குவைத்தில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். லென்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். நீ எழுதி அனுப்பிய துண்டுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெரிந்த டிரைவரோடு நகரத்துக்குப் போய்க் கடை கடையாகக் காட்டி வாங்கியிருந்தார். லீவில் வந்தபோது குளிக்கிற துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து எடுத்துவந்தார். அதை நீ முதன்முதலில் கேமராவில் மாட்டியது நினைவிருக்கிறது. "மேடைக்குக் கீழ நின்னே பொண்ணு கண்ணுல இருக்குற மையை எடுக்கலாம் மாப்ள" என்று சிரித்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை நீ ஊருக்குப் போயிருந்தாய். ஏதோ ஒரு பத்திரிகையில் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையை எடுத்து அனுப்பிப் பரிசு வாங்கி உன்னை அசர வைக்கலாம் என்று எனக்கு ஆசை. கேட்டிருந்தால் நீயே லென்ஸைக் கொடுத்து, பஸ்ஸும் ஏற்றி விட்டிருப்பாய். நான் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போனேன். கோட்டைப் படியில் இறங்கும்போது லென்ஸ் இருந்த தோல் உறையின் வார் அறுந்தது. கருங்கல்லில் மோதி, இரண்டு படி உருண்டு நின்றது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்பில் நகக்கண் அளவு கீறல். வளையத்தைத் திருப்பினால் உள்ளே எங்கோ மணல் அரைபடுவதுபோல் ஒரு சின்ன நறநறப்பு. ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும், படத்தில் புள்ளிகளை மறைக்க வைத்திருந்த கறுப்பு மையை எடுத்துக் கீறலில் தடவினேன். ஊதிக் காயவைத்து இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அரியலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. சாயங்காலம், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து நீ குரூப் போட்டோ எடுத்தாய். பிரிண்ட் போட்டபோது நடுவிலும் வலப்பக்கத்திலும் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. இடப்பக்கம் எட்டுப் பேருக்கு முகமே இல்லை. அந்த ஓரத்தில்தான் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் சத்தம் போடவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ மட்டும் இதுல இல்லியே தம்பி" என்றார். நீ கைகூப்பி நின்றாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன்.

அதன்பின் மூன்று நாள் நீ கேமராவைத் தொடவில்லை. உன் கண்ணில்தான் கோளாறோ, கை நடுங்குகிறதோ என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாய். நான்காம் நாள், "பொருள் மேல பழி போடறதுக்கு முன்னாடி நம்மளச் சோதிச்சுக்கணும்" என்று சொல்லி, ஒரு முழு ஃபிலிம் ரோலை எடுத்து வைத்தாய்.

பின்சுவரில் செய்தித்தாள்களைச் சுருக்கமில்லாமல் வரிசையாக ஒட்டினாய். நூல் பிடித்துச் சுவரின் இரண்டு ஓரத்திலிருந்தும் கேமராவுக்குத் தூரம் அளந்தாய். ஒரு விரல் வித்தியாசம் இருந்தது என்று ஸ்டாண்டை மறுபடி நகர்த்தினாய். லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு சிலேட்டில் எழுதிச் சுவரோரம் பிடிக்கும் வேலை எனக்கு. அகலத் திறந்ததற்கு நான்கு, அடுத்து ஐந்து புள்ளி ஆறு, எட்டு, பதினொன்று, ஊசிக்கண் அளவுக்கு மூடியதற்குப் பதினாறு. நான் அழித்து அழித்து எழுதினேன். பிறகு கேமராவைத் தலைகீழாக மாட்டி அதே வரிசையை எடுத்தாய், தப்பு சுவரிலா லென்ஸிலா என்று பார்க்க. அதற்கும் பிறகு பழைய லென்ஸை மாட்டி எடுத்தாய், கேமராவின் மேல் வீண்பழி விழக்கூடாது என்று. இவ்வளவு நேரமும் பதில் சாக்கட்டியும் கையுமாக உன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஈரம் காயாத படங்களைக் கொடியில் வரிசையாக மாட்டிப் பூதக்கண்ணாடியால் பார்த்தாய். நான்கில் இடப்பக்கத்து எழுத்துகள் கஞ்சியாகக் கரைந்திருந்தன. எட்டில் தேவலை. பதினொன்றில் ஏறக்குறையச் சரி. கேமராவைத் தலைகீழாக்கியதும் மங்கல் வலப்பக்கத்து எழுத்துகளுக்குப் போயிருந்தது. பழைய லென்ஸில் எல்லாப் பக்கமும் சுத்தம்.

"லென்ஸ்தான். உள்ள ஒரு கண்ணாடி கோணிக்கிட்டு இருக்கு" என்றாய். உன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்தேன். உன் கண்ணில் கோளாறு இல்லை என்ற நிம்மதி. அடுத்த நிமிடமே உன் நெற்றி சுருங்கியது. "புதுசு எப்படிக் கோணும்?" என்று உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாய்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட என் பாவம் பாதியாகியிருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: "அங்கல்லாம் பழசைப் பளபளன்னு ஆக்கிப் புதுசுன்னு விக்கிறாங்களாம் மாப்ள. வெலை கொறச்சலா இருக்கேன்னு தெரிஞ்சே வாங்கிட்டாரோ என்னமோ."

ஏன் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே கேட்டிருக்கிறேன். அந்த அடுத்த கடைக்காரர் சொன்னது சரியாகிவிடுமே என்ற பயம்தான். அவர் வார்த்தை பொய்யாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அதை மெய்யாக்கினேன்.

நீ மச்சானுக்குக் கடிதம் எழுதினாய். மரியாதையாகத்தான் எழுதினாய், எனக்குப் படித்துக் காட்டினாய். பழசை வாங்கி அனுப்பிவிட்டீர்களா, தெரிந்தால் சொல்லுங்கள், வருத்தமில்லை என்று எழுதி, டெஸ்ட் படங்களில் இரண்டை உள்ளே வைத்தாய். தபால் பெட்டியில் போட்டவன் நான்.

பதில் வரவில்லை. அக்காதான் அழுதுகொண்டு வந்தாள், என் புருஷனைத் திருடன் என்று எழுதியிருக்கிறாயே என்று. அடுத்த லீவில் மச்சான் வந்தும் உன் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் திரும்பிப் போகும் அன்று, மத்தியான ரயிலுக்கு நாம் இருவரும் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நீ "மச்சான்" என்று கூப்பிட்டாய். அவர் எதிர்ப்பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வேகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது நீ கூடவே நாலடி நடந்து நின்றுவிட்டாய்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, "டெஸ்ட் பண்ணாமலே இருந்திருக்கலாம் மாப்ள" என்றாய். நாம் இருவர் மட்டும் இருந்தோம். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இதைவிட நல்ல சமயம் ஆண்டவனே எனக்குக் கொடுத்திருக்க முடியாது. "டீ சாப்புடுவமா?" என்று கேட்டேன்.

உன்னைப் பெற்ற அத்தா மௌத்தான அன்று நீயும் மச்சானும் மறுபடி பேசிக்கொண்டீர்கள். ஆனால் துண்டில் சுற்றி லென்ஸ் கொண்டுவந்த அந்த மச்சானும், அவர் வருகிறார் என்றால் முதல் ஆளாக ஓடுகிற நீயும் திரும்ப வரவே இல்லை. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தீர்கள். அவ்வளவுதான்.

உன் ஜனாஸா எடுத்த அன்று, உன்னை வைத்திருந்த சந்தூக்கை அவர் தோளில் சுமந்துவந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மாற்றுவதற்கு ஆள் வந்தும் விடவில்லை. அதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பதாம் நாள் கழிந்து லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் படி, கறுப்பு மை, நான் சொன்ன அந்த வார்த்தை, எதையும் விடவில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "புதுசுதான் தம்பி அது. பெட்டிய நாந்தான் பிரிச்சேன்" என்றார். சொல்ல ஆள் கிடைக்காமல் நாற்பது வருடம் அவர் வாயிலேயே இருந்த வார்த்தை அது. அப்புறம், "அப்ப அவன் டெஸ்ட்டு சரியாத்தான் பண்ணிருக்கான்" என்றார். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுபோலவே இருந்தது. அவன்கிட்ட சொன்னீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "பெருநாளைக்கு ஒங்களுக்குச் சோறு எடுத்து வைக்காம எந்தம்பி ஒரு வருசம்கூடச் சாப்புட்டதில்லிங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மச்சான் பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். "அவளுக்குக் கொஞ்ச நாளாவும். நீங்க வந்துட்டுப் போங்க" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது உன்னிடம்.

ஆனாலும் மாதம் ஒருமுறை போகிறேன். கூடத்தில் உட்காருகிறேன். மச்சானும் நானும் உன்னைப் பற்றிப் பேசுகிறோம். டீ வருகிறது, அவர்தான் எடுத்துவந்து வைக்கிறார். டீயில் இனிப்பு கம்மியாகவே இருக்கிறது; நான் சர்க்கரையைக் குறைத்துவிட்டது அக்காவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் அவள் நிற்பதும் எனக்குத் தெரிகிறது. கிளம்பும்போது அந்தக் கதவைப் பார்த்து, "போயிட்டு வரேங்க்கா" என்று சொல்கிறேன். இதுவரை பதில் இல்லை. அடுத்த மாதமும் போவேன்.