நாலு நாளும் 128

மே 11

ஆஸ்பத்திரி வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். கணவருக்கு உள்ளே அனுமதியில்லை. ஒன்பது மாத வயிற்றோடு நான் தனியாக மாடியேற, அவர் காருக்குள் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?" டாக்டர் இன்னும் கூப்பிடவே இல்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது!

அம்மாவாலும் வர முடியாது, எல்லையை மூடிவிட்டார்கள். போனிலேயே பிரசவம் பார்த்துவிடுவதாக உத்தேசம் போல. "காலைத் தொங்கப் போடாதே" என்று நாளைக்கு நாலு முறை. நாளெல்லாம் ஆலையில் நிற்கிறவள் காலைக் கழற்றி எங்கே வைப்பாள்?

மே 15

இன்றோடு விடுப்பு. கடைசி நாளாவது நிம்மதியாகப் போகுமா? பால் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மணிக்கொரு முறை வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். இன்று நாலு மணி நேரமும் ஒரே எண். குளிர் அறை அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வரிசையா ஒரே நம்பர் வந்தா, ஒண்ணு மெஷின் ரிப்பேர். இல்ல, பார்க்காம எழுதியிருக்கீங்க. எது?"

தலையைச் சொறிந்தார். "ஆள் பத்தல மேடம். பாதிப் பேர் தனிமைப்படுத்தல்ல இருக்காங்க."

மெமோ கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஈவு இரக்கமில்லாதவள் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

மே 29

பையன். மூன்று கிலோ. அப்பாக்காரர் போனில்தான் பார்த்தார். ஒரே அழுகை — அவர்தான், பையன் இல்லை.

ஜூன் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. பிரசவத்துக்குப் பின் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். மெஷின் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் காலையில் நானே பார்க்க வேண்டும், பத்து மணிக்கு நர்ஸ் போன் செய்து கேட்பாராம். பத்து மணி அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

நூற்றைம்பதைத் தாண்டினால் வார்டில் சேர வேண்டும். தனியாக. குழந்தைக்கு அனுமதியில்லை.

"குழந்தையை யாரு பார்த்துப்பாங்க?"

"வீட்ல இருக்கறவங்கதான்மா."

வீட்டில் இருப்பவருக்கு டயபரில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியாது. கண்ணில் பட்டதற்கெல்லாம் சானிடைசர் அடிக்கத்தான் தெரியும். இந்த டைரிப் பக்கம் நனைந்திருப்பது அதனால்தான். நான் அழவில்லை.

ஜூன் 4

126/80. அப்பாடா.

ஜூன் 5

152/96. தலை வலிக்கிறது. தூக்கமில்லாத தலை வலிக்காமல் என்ன செய்யும்? ஏழு நாள் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதாவது. அக்காவிடம் 128/82 என்றேன்.

ஜூன் 6

மெஷினை எடுக்கவே இல்லை. 128/82.

ஜூன் 7

அதே. கண்ணுக்கு முன்னால் என்னமோ மினுக் மினுக்கென்று. யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் போதும்.

ஜூன் 9 — வார்டில்

நேற்று பத்து மணி. வழக்கம்போல 128/82 என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு:

"நூத்தி நாப்பது வரும், நூத்தி இருபது வரும். நாலு நாளும் ஒண்ணே வராதும்மா. மெஷின் ரிப்பேரா, நீங்க பார்க்கலையா?"

என் வசனம்! என்னிடமே! எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

"தலை வலிக்குதா?"

"ஆமா."

"கண்ணுல பொட்டுப் பொட்டா வெளிச்சம்?"

"...ஆமா."

"இப்பவே போட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

172/112.

"ஆம்புலன்ஸ் வருது. வலிப்பு வந்திருக்கும், தெரியுமா? திட்டறத அப்புறமா வச்சுக்கறேன்."

கணவர் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? மெஷினுக்கும் சானிடைசர் அடிச்சிருப்பீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது அவர் பிள்ளையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். செத்துப்போயிருந்தால் நான் கடைசியாகப் பேசினது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 10

கையில் ஊசி. பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன்.

ஜூன் 13

வீடு. பையன் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறான். குளிர்பெட்டிக் கதவில், எங்கள் ஆலையில் இருப்பதுபோலவே கட்டம் போட்ட ஒரு தாள். ஐந்து நாளும், இரண்டு மணிக்கொரு முறை, 60 மில்லி புட்டிப்பால். ஒரு துளி கூடக் குறையவில்லை!

"எந்தக் குழந்தை கடிகாரம் பார்த்து அறுபது மில்லி குடிக்கும்?"

தலையைச் சொறிந்தார். "நீ வந்து பார்த்தா பயப்படக் கூடாதுன்னு..."

"நிஜமா எவ்வளவு?"

"தெரியல. பாதியை என் சட்டைதான் குடிச்சுது. முதல் நாள் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே அழுதோம்."

தையல் வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்து, அன்றைக்குப் பேசினதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

மத்தியானம் மேலாளருக்கு எழுதினேன்: குளிர் அறைக்கு இன்னொரு ஆள் வேண்டும். மெமோ கொடுத்த அன்றே எழுதியிருக்க வேண்டியது.

ஜூன் 14

141/90. அக்கா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

குளிர்பெட்டிக் கதவில் புதுத் தாள், அவர் கையெழுத்து: "7.10 — 35. 9.25 — 50, கக்கிட்டான். 10.40 — வேணாங்கிறான். 10.45 — அம்மாகிட்ட போயிட்டான்."